முதல் ஏஏ கூட்டத்துக்குப் போகும் முன்

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புவோர் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு. குடியை விட நினைப்பவரை அங்கே போகவிடாமல் தடுப்பது பல நேரம் 'தெரிஞ்சவன் எவனாவது பார்த்துட்டா?' என்ற பயம்தான். டெல்டா ஊர்களில் அது நியாயமான பயம். டீக்கடைக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். கூச்சமாக இருந்தால் வெளியூர்க் கூட்டத்துக்குப் போங்கள். கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ விசாரிக்கலாம். பஸ் ஏறினால் எதற்கென்று யாருக்குத் தெரியும்?

எங்கே விசாரிப்பது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். நாளும் நேரமும் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டாரோடு போவதென்றால் 'ஓப்பன் மீட்டிங்' தானா என்றும் கேளுங்கள். 'குளோஸ்டு' என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. முதல் நாள் பேசாமல் கேட்டுவிட்டும் வரலாம்.

ஆனால் ஒன்று: தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீராப்பாகத் திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும், அப்புறம் கூட்டம்.