பிறேக் பிடித்த வாகனம் எங்கே நிற்கும்? உயர்தரப் பௌதிகவியல் கணக்குகளை அணுகும் முறை

சமன்பாடுகளை நன்கு அறிந்த மாணவர்களும் இவ்வகை வினாக்களில் புள்ளி இழப்பதற்குக் காரணம், இரண்டு கட்டங்களாக நிகழும் இயக்கத்தை ஒன்றாகக் கொள்வதே. சாரதி தடையைக் கண்ட கணத்திலிருந்து பிறேக் பற்றும் வரை வாகனம் மாறா வேகத்தில் ஓடுகிறது. அதன் பின்னரே அமர்முடுகல் தொடங்குகிறது. ஆகவே வினாவை வாசித்ததும் வேக–நேர வரைபை வரைந்துகொள்ளுங்கள். கிடைக்கோட்டின் கீழுள்ள செவ்வகம் எதிர்வினைத் தூரத்தையும், இறங்கும் கோட்டின் கீழுள்ள முக்கோணம் பிறேக் தூரத்தையும் தரும்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பேருந்தின் முன்னே, 60 மீற்றர் தூரத்தில் மாடுகள் வீதியில் படுத்திருப்பதாகக் கொள்வோம். (அவ்வீதியில் இரவில் பயணித்தவர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றாது.) எதிர்வினை நேரம் 0.7 செக்கன், தயருக்கும் வீதிக்குமான உராய்வுக் குணகம் 0.5, புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க.

முதலில் வேகத்தை 3.6 ஆல் வகுத்துச் செக்கனுக்கு 20 மீற்றர் என மாற்ற வேண்டும். எதிர்வினைத் தூரம் 20 × 0.7 = 14 மீற்றர். எல்லாச் சில்லுகளும் பிறேக் பிடிக்கும்போது உராய்வு விசையிலும் நியூற்றனின் இரண்டாம் விதியிலும் திணிவு ஒருங்கே வருவதால் அது வெட்டுப்பட்டு, அமர்முடுகல் 0.5 × 10 = 5 ஆகிறது. வேகத்தின் வர்க்கத்தை அமர்முடுகலின் இருமடங்கால் வகுத்தால், அதாவது 400 ஐ 10 ஆல் வகுத்தால், பிறேக் தூரம் 40 மீற்றர். மொத்தம் 54 மீற்றர் என்பதால் பேருந்து 6 மீற்றர் முன்னதாகவே நின்றுவிடும்.

இதே வீதி மாரி மழையில் நனைந்து குணகம் 0.4 ஆகக் குறைந்தால் பிறேக் தூரம் 50 மீற்றராகி, மொத்தம் 64 ஐத் தொடும். இங்கே “மோதும்” என எழுதி நிறுத்திவிடக் கூடாது. மோதும் வேகத்தையும் வினா கேட்கக்கூடும். அதற்கு 60 இலிருந்து 14 ஐக் கழித்துக் கிடைக்கும் 46 மீற்றரையே பயன்படுத்த வேண்டும்: 400 − 2 × 4 × 46 = 32. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.7, அதாவது மணிக்கு 20 கிலோமீற்றர் அளவு. இங்கு 46 க்குப் பதிலாக 60 ஐப் பிரதியிட்டால் வர்க்கமூலத்தினுள் எதிர்க்கணியம் வரும். அப்படி வந்தால் செவ்வகத்தை மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

வேகம் இருமடங்கானால் பிறேக் தூரம் நான்கு மடங்காகும், எதிர்வினைத் தூரமோ இருமடங்கே ஆகும். எனவே மொத்தத் தூரத்தை நேரே நான்கால் பெருக்குவது தவறு. மகியங்கனைப் பதினெட்டு வளைவு போன்ற இறக்கத்தில் ஈர்ப்பின் சாய்வுக் கூறை உராய்விலிருந்து கழிக்க மறவாதீர்கள்.

திணிவு எப்போதும் வெட்டுப்படும் என்றும் எண்ணிவிடலாகாது. அம்பாறை வயல்களிலிருந்து நெல் மூட்டைகளுடன் 3000 கிலோகிராம் பெட்டியை இழுத்து வரும் 2000 கிலோகிராம் உழவு இயந்திரத்தில், இயந்திரத்தின் சில்லுகளுக்கு மட்டும் பிறேக் உண்டு என்க. பெட்டியின் நிறை இயந்திரத்தின் மீது பொறுக்கவில்லை எனக் கொண்டால், குணகம் 0.5 இல் உராய்வு விசை 10 000 நியூற்றன். அது நிறுத்தவேண்டிய திணிவோ 5000 கிலோகிராம். அமர்முடுகல் 2 ஆகக் குறைவதால், மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் தனித்து வந்தால் 2.5 மீற்றரில் நிற்கக்கூடிய இயந்திரம், பெட்டியுடன் 6.25 மீற்றர் ஓடியே நிற்கும்.