டோஸ்டர் வாங்கும்போது காசு வீணாகும் இடங்கள்

ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் இரண்டு ஸ்லைஸ் போடும் டோஸ்டர் தாராளமாகக் கிடைக்கிறது. பஜாஜ், பிலிப்ஸ், பிரெஸ்டீஜ் என்று பெயர்கள் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மைக்கா தகட்டில் சுற்றிய நைக்ரோம் கம்பி, லீவரைப் பிடித்து வைக்கும் மின்காந்தம், நேரம் பார்க்கும் சின்ன சர்க்யூட். எனவே இந்த விலையில் பிராண்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நாம் வாங்கும் பிரெட் எப்படிப்பட்டது, சமையலறையில் இருக்கும் பிளக் பாயிண்ட் எது என்று பார்க்காமல் கடைக்குப் போவதால்தான் பல டோஸ்டர்கள் பரண் ஏறுகின்றன.

முதலில், உங்களுக்கு வேண்டியது டோஸ்டர்தானா? பிள்ளைகள் கேட்பது உருளைக்கிழங்கு மசாலா வைத்த சாண்ட்விச் என்றால் பிரெட் மேலே எழும்பி வருகிற பாப்-அப் டோஸ்டர் உதவாது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அமுக்கும் சாண்ட்விச் மேக்கர்தான் வேண்டும். பாப்-அப்பில் வெறும் பிரெட் மட்டுமே போடலாம். வெண்ணெயோ நெய்யோ தடவி இறக்கினால் அது உருகிச் சூடான கம்பியில் சொட்டும். புகையும் வரும், தீயும் பிடிக்கலாம். நெய் விட்டு, சர்க்கரை தூவி, தோசைக்கல்லில் வாட்டி எடுப்பதுதான் உங்கள் வீட்டு ருசி என்றால் எதையுமே வாங்காதீர்கள். அந்த ருசி எந்த டோஸ்டரிலும் வராது.

அடுத்தது பிரெட்டின் அளவு. பாக்கெட்டில் வரும் சாண்ட்விச் பிரெட் பெரும்பாலான டோஸ்டர்களில் நுழைந்துவிடும். தெருமுனை பேக்கரியில் முழுசாக வாங்கி வீட்டில் கத்தியால் அறுக்கும் பிரெட்தான் தகராறு செய்யும். ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கிற துண்டு உள்ளே சிக்கிக்கொண்டால், நேரம் முடிந்தும் மேலே வராமல் சூடான கம்பியோடு ஒட்டிக் கருகும். பிறகு கத்தியையோ ஃபோர்க்கையோ விட்டு நெம்பத் தோன்றும். அந்தக் கம்பியில் கரண்ட் ஓடுகிறது, மேலே எந்த உறையும் கிடையாது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, அதன்பிறகுதான் எடுக்க வேண்டும். உயரமான பால் பிரெட் என்றால் மேல் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு வெள்ளையாகவே நின்றுவிடும். வழக்கமாகச் சாப்பிடும் பிரெட்டில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கடைக்கு எடுத்துப் போய், டோஸ்டரின் வாயில் வைத்துப் பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வாட்ஸ் விஷயத்தில்தான் தப்புக் கணக்குகள் அதிகம். வாட்ஸ் கூடினால் கரண்ட் பில் எகிறும் என்று பயந்து, இருப்பதிலேயே குறைந்ததைத் தேடுகிறவர்கள் உண்டு. 800 வாட்ஸ் டோஸ்டர் ஒரு ஈட்டுக்கு 3 நிமிடம் ஓடினால் செலவாவது 0.04 யூனிட். ஒரு யூனிட்டில் 25 ஈடு எடுக்கலாம். இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை. சூடு மந்தமாக இருந்தால் பிரெட் சிவக்க அதிக நேரமாகும். அதற்குள் உள்ளிருக்கும் ஈரமெல்லாம் போய் ரஸ்க் மாதிரி ஆகிவிடும். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் வேண்டுமென்றால் சூடு சுருக்கென்று ஏற வேண்டும். இரண்டு ஸ்லைஸுக்கு 700 முதல் 900 வாட்ஸ் சரியான அளவு. உங்கள் பகுதியில் வோல்டேஜ் குறைவு என்றால் மேல்பக்கம் போங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200தான் வருகிறது என்றால், சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். டைமருக்கு அது தெரியாது. வழக்கமான நேரத்தில் வெளிறிய பிரெட்டைத் தள்ளிவிடும். டோஸ்டர் மக்கர் செய்கிறது என்று திட்டுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

பெரிய குடும்பம் என்று நான்கு ஸ்லைஸ் மாடலுக்குப் போகிறவர்கள், வீட்டு சுவிட்ச் போர்டைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். சாதாரண சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்ப்ஸ். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட்ஸ். நான்கு ஸ்லைஸ் டோஸ்டர்களில் பலவும் அதைத் தாண்டுகின்றன. அவற்றுக்கு கெய்சர் போடுகிற 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் வேண்டும். மிக்ஸி, கெட்டில், டோஸ்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதும் இதே தவறுதான். டோஸ்டரின் ஒயர் பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும், ஆகவே எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போடவே கூடாது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகினால் எர்த் போய்விடும். ஸ்டீல் பாடி டோஸ்டரில் அது விஷப்பரீட்சை.

ஸ்டீல் பாடி பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் சுடும். சின்னப் பிள்ளைகள் கை நீட்டும் வீட்டுக்கு பிளாஸ்டிக் பாடியே மேல்.

பட்டன்களில் கேன்சல் கட்டாயம் இருக்க வேண்டும். பிரெட்டை ஃப்ரீசரில் வைப்பவர்களுக்கு டிஃப்ராஸ்ட் பயன்படும். டிஜிட்டல் எண்கள், மேலே பன் வைக்கும் கம்பித்தட்டு இவற்றுக்காக ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பணத்துக்கு எத்தனை பாக்கெட் பிரெட் வரும்!

அடியில் இழுத்து எடுக்கும் தூள் தட்டு இல்லாத டோஸ்டரை, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். உதிரும் தூள் தேங்கினால் ஒருநாள் அதுவே கருகிப் புகையும். அதுவரை எறும்புக்கும் கரப்பானுக்கும் விருந்து. கடையிலேயே தட்டை வெளியே இழுத்து, திரும்பச் செருகிப் பாருங்கள். மலிவு மாடல்களில் சிலவற்றில் அது பாதியில் இறுகிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்தபிறகு, பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடவைக்கும் விஷயங்கள் சில உண்டு. பல டோஸ்டர்களில் பிளக் மாட்டாமல் லீவரை அமுக்கினால் நிற்காது, மேலே வந்துவிடும். பிடித்து வைப்பது மின்காந்தம் என்பதால் கரண்ட் இருந்தால்தான் நிற்கும். முதல் தடவை லேசான புகையும் வாடையும் வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, பிரெட் போடாமல் இரண்டு மூன்று முறை ஓட்டினால் போய்விடும். டயலில் உள்ள எண்கள் பெரும்பாலும் நிமிடக் கணக்கல்ல, சிவக்கும் அளவைத்தான் காட்டும். உப்பு பிரெட்டுக்கு 3 என்றால், சர்க்கரை கூடிய ஸ்வீட் பிரெட்டுக்கு 2 போதும். முதல் ஈடு எடுத்ததும் டோஸ்டர் சூடாகவே இருக்கும், அடுத்த ஈட்டுக்கு டயலை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். இதையெல்லாம் செய்தும் ஒரு பக்கம் மட்டும் சிவக்காமல் வந்தால் அந்தப் பக்கத்துக் கம்பி போயிருக்கலாம். பில்லும் வாரண்டி அட்டையும் அப்போதுதான் தேவைப்படும், அட்டைப்பெட்டியோடு சேர்த்து அவற்றை எறிந்துவிடாதீர்கள்.