நகர்மன்றக் கூட்டம்: முதல்முறை கவுன்சிலர்கள் செய்யும் தவறுகள், நான் செய்தவையும் சேர்த்து

போன மாதம் எங்கள் நகர்மன்றக் கூட்டத்தில் முதல்முறை கவுன்சிலர் ஒருவர் அஜெண்டாவை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வெளிநடப்பு செய்தார். வாசலில் நிருபர்கள் இரண்டு பேர், தூக்கிப் பிடித்த செல்போன்கள் மூன்று. பேட்டி கொடுத்து, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது அஜெண்டாவில் இருந்த 41 பொருள்களும் நிறைவேறி, சேர்மன் நாற்காலி காலியாக இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2008இல் நான் அதே வாசலில் அதே மாதிரி நின்றவள்தான். டீக்கடை மட்டும் மாறியிருக்கிறது.

2006, 2011, 2022 என்று மூன்று முறை வார்டு உறுப்பினராக வந்திருக்கிறேன். நடுவில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரைக்கும் மன்றமே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். அந்த இடைவெளியில் பழைய ஆட்கள் பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து முழங்கையால் இடித்து 'இப்ப எழுந்திரு, இப்ப பேசாதே' என்று சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வாருங்கள், போனை அணைத்து வையுங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

அஜெண்டாவை முதல் பக்கத்திலிருந்து படிப்பது

கட்டு வீட்டுக்கு வரும்போது அறுபது எழுபது பக்கம் இருக்கும். எங்கள் ஊரில் முதல் பொருள் எப்போதும் பிறப்பு இறப்புக் கணக்கு. அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. புதியவர்கள் அங்கே ஆரம்பித்து, பிளீச்சிங் பவுடர் விலைப்பட்டியல் வருவதற்குள் தூங்கிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பொருளிலும் கடைசி வரியை முதலில் பாருங்கள். 'மன்றத்தின் பார்வைக்கு' என்று முடிந்தால் வெறும் தகவல். 'அனுமதிக்கு' என்றால் இனிமேல் நடக்கப்போவது. நிறுத்தலாம், மாற்றச் சொல்லலாம். 'பின்னேற்புக்கு' என்றால் வேலையே முடிந்திருக்கும், நம்மிடம் கேட்பது சம்பிரதாயம். அந்த வகைப் பொருளில் 'அவசர அவசியம் கருதி' என்று நடுவில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். மோட்டார் எரிந்து நாலு வார்டுக்குத் தண்ணீர் இல்லையென்றால் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது, நியாயம்தான். ஆனால் அதே போர்வெல் மோட்டார் ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை எரிந்தால் ஏன் என்று கேட்பது யார் வேலை? பழைய அஜெண்டாவை எடைக்குப் போட்டவருக்கு அது மூன்றாவது தடவை என்றே தெரியாது. நான் எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். வீட்டில் திட்டுதான்.

அப்புறம், இணைப்பைப் படியுங்கள். பொருள் சாதுவாக இருக்கும், வம்பு இணைப்பில் இருக்கும்.

வெளிநடப்பு

இதை நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் எரிச்சல் அடங்கவில்லை.

2008 மார்ச் கூட்டம். எங்கள் தினசரி மார்க்கெட்டில் சுங்கம் வசூலிக்கும் குத்தகை ஏப்ரல் முதல் தேதி தொடங்கும். அதனால் மார்ச்சில் அந்தப் பொருள் வந்தே தீரும். அந்த வருஷம் அது பொருள் எண் 37. மூன்று முறை ஏலம் விட்டும் போன வருஷத் தொகைக்குமேல் யாரும் கேட்கவில்லை, ஆகவே இப்போதைய குத்தகைதாரருக்கே கொஞ்சம் உயர்த்தி நீட்டிக்கலாம் என்று அலுவலகக் குறிப்பு. படித்தால் தப்பாகத் தோன்றாது. இணைப்பைப் புரட்டினேன். கட்டண அட்டவணையில் ஐந்தாவது வரிசை, தரைக்கடை, கூடை ஒன்றுக்கு நாளொன்றுக்கு. 5 ரூபாயாக இருந்தது 15 ஆகியிருந்தது. நகராட்சிக்கு வரும் குத்தகைத் தொகை பத்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை, கூடைக்காரர்களிடம் மட்டும் மூன்று மடங்கு. நடுவில் இருக்கும் பணம் யார் பைக்குப் போகும் என்பது எனக்கே புரிந்தது.

இதை ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்தவள் நான். அதுதான் வயிற்றெரிச்சல். படிக்காமல் கோட்டை விட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் மன்றத்தில் எழுந்து இருபது நிமிஷம் பேசினேன். கீரை விற்கும் பாட்டி ஒரு நாளைக்கு எத்தனை கட்டு விற்பார், அதில் 15 ரூபாய் போனால் பஸ்ஸுக்கு என்ன மிஞ்சும் என்றெல்லாம் கணக்குச் சொன்னேன். மேஜையைத் தட்டினேன். "உக்காருங்கம்மா, பரிசீலிக்கலாம்" என்றார் சேர்மன். "பரிசீலிக்க வேண்டாம், ரத்து பண்ணுங்க" என்றேன். பின்வரிசையில் யாரோ "ஆல் பாஸ்... ஆல் பாஸ்" என்று ஆரம்பித்தார்கள், விவாதமில்லாமல் எல்லாப் பொருளும் நிறைவேறியது என்று அர்த்தம். அவ்வளவுதான், அஜெண்டாவை வீசிவிட்டு வெளியே வந்தேன். என் பின்னாலேயே எட்டுப் பேர் வந்தார்கள். பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நாள் பேப்பரில் போட்டோ வந்தது. அம்மா அதை வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

நாற்பது நாள் கழித்து, மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மாவின் மகன் வீட்டுக்கு வந்தான். காலேஜ் பையன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்தக் கூட்டத்தின் தீர்மான நகலை வாங்கியிருந்தான். முதல் பக்கத்தில் வருகை தந்த உறுப்பினர்கள் பட்டியல். பதினோராவது பெயர் என்னுடையது, எதிரே என் கையெழுத்து. கூட்டம் தொடங்கும்போது போட்டது. பொருள் எண் 37க்குக் கீழே ஒரே வரி: 'மன்றம் ஒருமனதாக அனுமதிக்கிறது.'

"அக்கா, நீங்களும்தான் சரின்னு சொல்லியிருக்கீங்க" என்றான். சண்டைக்கு வரவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். நான் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த பேப்பர் கட்டிங்கைக் காட்டினேன். அவன் அதையும் நகலையும் பார்த்தான். கட்டிங்கை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மினிட், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, எழுதிய உதவியாளர் பொய் எழுதவில்லை. அந்தப் பொருளுக்கு அனுமதி கேட்டபோது உள்ளே இருந்தவர்களில் எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. எதிர்த்தவர்கள் ஒன்பது பேரும் வேப்பமரத்தடியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். எங்கள் மன்றம் 27 பேர். அன்றைக்கு வந்தது 24. நாங்கள் ஒன்பது பேர் வெளியே போனதும் உள்ளே 15. அப்போது நடைமுறையில் இருந்த 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி கோரத்துக்கு, அதாவது கூட்டம் நடக்க இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கைக்கு, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் போதும். 27க்கு 9. ஆக, நாங்கள் போனதால் கூட்டம் நிற்கவில்லை, அவர்களுக்கு வேலைதான் சுலபமாயிற்று. இதைவிட மோசம், பின்னால் நாலு பேர் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்: "நீங்க உள்ள இருந்து ஓட்டுக்கு விடச் சொல்லியிருந்தா நாங்களும் கை தூக்கியிருப்போம்." ஒன்பதும் நாலும் பதின்மூன்று. எதிரே பதினொன்று. ஜெயித்திருப்போம்.

சரி, ரத்து செய்யப் பார்க்கலாம் என்று போனால், ஒரு தீர்மானத்தை மூன்று மாதத்துக்குள் மாற்ற அதற்கென்றே தனிக் கூட்டம் போட வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது ஆதரிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துக் காட்டினார்கள். அதாவது 14 பேர். அதற்குள் அந்த நாலில் இரண்டு பேரின் மனசும் மாறிவிட்டது. அடுத்த மார்ச்சில் 15 ரூபாய் 'நடப்புக் கட்டணம்' என்ற பெயரில் அஜெண்டாவில் உட்கார்ந்திருந்தது. குறைக்கச் சொன்னால் 'நகராட்சிக்கு வருவாய் இழப்பு ஏற்படும்' என்று குறிப்பு. கீரைப் பாட்டி மார்க்கெட்டை விட்டுவிட்டு கோயில் தெரு முனைக்குப் போய்விட்டார்.

இப்போது நான் செய்வது இது. பொருளைப் பிடிக்கவில்லையென்றால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிவிடுவேன்: 'பொருள் எண் இன்னதற்கு ஆட்சேபணை தெரிவிக்கிறேன். காரணம் இது. என் ஆட்சேபணையை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யக் கோருகிறேன்.' நாலே வரி. இரண்டு பிரதி. கூட்டத்துக்கு முன்னாலேயே ஒன்றை நகராட்சி அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து மற்றதில் முத்திரை வாங்கிக்கொள்வேன். கூட்டம் ஆரம்பித்ததும் 'இந்தப் பொருளைத் தனியாக எடுங்கள்' என்று கேட்பேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் 'ஆல் பாஸ்' சொல்ல முடியாமல் போவதே பாதி வெற்றி. தோற்றால்கூட 'இன்னார் நீங்கலாக' என்று எழுத வேண்டி வரும். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருப்பது. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் மினிட்டை வாங்கி அது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை இல்லை. முத்திரை போட்ட பிரதியைக் காட்டினேன், சேர்த்தார்கள்.

அப்படியும் வெளிநடப்பு செய்துதான் தீர வேண்டுமா? ஓட்டுப் போட்டுவிட்டுப் போங்கள். போட்டோகிராபர் காத்திருப்பார்.

தெருவிளக்குக்காக மன்றத்தில் முழங்குவது

உதவிப் பொறியாளருக்கு ஒரு போன் போதும்.

எந்த நிதி என்று தெரியாமல் வேலை கேட்பது

நகராட்சிப் பணம் ஒரே பெட்டியில் கிடப்பதில்லை. பொது நிதி தனி, குடிநீர் வடிகால் நிதி தனி, கல்வி நிதி தனி. முதல் தடவை நான் என் வார்டில் ஒரு சாலை கேட்டேன். பொது நிதியில் பணமில்லை என்றார் கமிஷனர். கல்வி நிதியில் இருப்புக் காட்டுகிறதே என்றேன். "அது பள்ளிக்கூடத்துக்கும்மா" என்றார். "பள்ளிக்கூடத்துக்குப் போற ரோடுதானே சார்" என்றேன். மன்றமே சிரித்தது. கணக்கர் மட்டும் சிரிக்கவில்லை, முன்னால் யாரோ இதையே கேட்டிருக்க வேண்டும்.

மானியங்களும் அப்படித்தான். 15ஆவது நிதிக்குழு எங்களைப் போன்ற சின்ன ஊர்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது. அந்தப் பணத்தில் நுழைவு வளைவு கேட்டுத் தொண்டை கிழியக் கத்திய ஒருவரை எனக்குத் தெரியும். அதே மனிதர் வடிகால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்பதற்கு முன் கணக்குப் பிரிவில் அரை மணி நேரம் உட்காருங்கள். எந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்து பேசினால் 'நிதி நிலைக்கேற்ப' என்ற பதிலைச் சொல்வது அவர்களுக்கே கஷ்டமாக இருக்கும்.

பழைய சட்டப் புத்தகத்தை வைத்து வாதாடுவது

மேலே நான் சொன்ன 1920 சட்டம் இப்போது இல்லை. 1998ஆம் வருஷத்து நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1998இல் போட்ட சட்டம் 2023இல் ஏன் வந்தது என்று கேட்காதீர்கள், அது பெரிய கதை. பழைய பிரிவு எண்ணைச் சொல்லி எழுந்தால் நகராட்சி அலுவலக மேலாளர் புன்னகையோடு உட்கார வைத்துவிடுவார். எனக்கு அது நடந்தது, மூன்றாவது முறை கவுன்சிலராக இருந்தும்.

வீட்டுக்காரர்

கவுன்சிலர் நீங்கள்தான். அவர் மன்ற வாசலோடு சரி.

வாழ்த்துரை

முதல் கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் நன்றி சொன்னால் 27 பேருக்கு இரண்டே கால் மணி நேரம். எங்கள் ஊரில் 2022இல் அப்படித்தான் நடந்தது. சேர்மனுக்குப் போட்ட சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். கடைசியில் மதியம் இரண்டு மணிக்குப் பசியில் பொருள்களை வாசிக்கச் சொன்னார்கள், எல்லாமே 'ஆல் பாஸ்'. நன்றியை ஒரு வரியில் முடியுங்கள்.

டீ

எங்கள் மன்றத்தில் டீயும் மிக்சர் பொட்டலமும் வரும் நேரத்தில்தான் பின்னேற்புப் பொருள்கள் ஆரம்பமாகும். தற்செயல்தான் என்கிறார் மேலாளர். போன கூட்டத்தில் பொருள் எண் 22இல் டிரே உள்ளே வந்தது. மூடியிருந்த மிக்சரைப் பிரிக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன். 23ஆவது, அதே போர்வெல் மோட்டார்.