உடல் பருமனா, முழங்கால் வலியா? நீச்சல் தெரியாமலே தண்ணீரில் பயிற்சி செய்யலாம்

"தினமும் நடங்கள்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். சமதளத்தில் நடக்கும்போதே முழங்காலில் இறங்கும் சுமை உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு என்பதை யாரும் சொல்வதில்லை. என் முழங்கால் அதைச் சொன்ன பிறகுதான் நீச்சல் குளத்துக்குப் போனேன்.

தண்ணீரில் கணக்கே வேறு. இடுப்பளவு நீரில் கால்கள் தாங்குவது எடையில் ஏறக்குறையப் பாதி. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது 110 கிலோ எடையுள்ளவரின் கால்களுக்குச் சுமார் 35 கிலோதான். அதோடு நீரின் அழுத்தம் கால் வீக்கத்தையும் வடிய வைக்கும்.

படி 1: உடை, காலணி

தொளதொளப்பான பருத்திச் சட்டை வேண்டாம். நீரைக் குடித்துக் கனக்கும். தொடைகள் உரசிப் புண்ணாகாமல் இருக்க, முழங்கால் வரை இறுக்கமாக நிற்கும் நீச்சல் உடை நல்லது. காசு செலவழிக்க ஒரே ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால், அடி வழுக்காத நீர்க் காலணியைச் சொல்வேன். நீருக்குள் கையில் பிடித்து அழுத்தும் நுரை டம்பெல்லை இப்போதைக்குத் தொடாதீர்கள். பழகாத தோளுக்கு அது வம்பு.

படி 2: ஆழம்

பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஆழம் கூடினால் சுமை குறையும், ஆகவே கழுத்தளவுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் கொழுப்பு நீரைவிட லேசானது; பருமனான உடல் எளிதில் மிதக்கும். கழுத்தளவில் குதிகால் தரையில் படியாது, நுனிக்காலிலேயே துள்ளிக்கொண்டிருப்பீர்கள். சற்று நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

சோதிக்க எளிய வழி உண்டு. சுவரை ஒரு கையால் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கிப் பத்து வரை எண்ணுங்கள். ஊன்றிய காலின் குதிகால் தானாக எழும்பினால், ஆழம் குறைந்த பக்கம் இரண்டடி வந்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் தொப்புளுக்கும் மார்புக்கும் இடையில் உங்கள் இடம் அமைந்துவிடும். உயரத்தைப் போலவே உடல்வாகும் இதைத் தீர்மானிப்பதால், பக்கத்தில் நிற்பவரின் இடம் உங்களுக்குச் சரிப்படாது.

படி 3: எழுந்து நிற்கப் பழகுதல்

நடப்பதற்கு முன்பே இது வேண்டும். மல்லாந்து சரிந்தால் கால்கள் மேலே வந்துவிடும். பயம் அங்கேதான் பிடிக்கும். முகவாயை நெஞ்சோடு சேர்த்து, முழங்கால்களை வயிற்றுப் பக்கம் இழுத்து, இரு கைகளாலும் பின்னாலிருந்து முன்னால் நீரை வாருங்கள். உடல் நிமிர்ந்ததும் கால்களைக் கீழே விடுங்கள். உதவிக்கு ஒருவர் நிற்க, சுவரோரம் பழகுங்கள்.

படி 4: நடை

முதலில் பத்து நிமிடம் போதும். உடலை முன்னே சாய்க்காமல், குதிகாலை முதலில் ஊன்றி, கைகளை எதிரும் புதிருமாக வீசி நடங்கள். பிறகு சட்டென்று திரும்புங்கள். நீங்கள் கிளப்பிவிட்ட நீரோட்டமே வயிற்றில் வந்து மோதித் தள்ளும். அதை எதிர்த்து எடுக்கும் நாலைந்து அடிகள்தான் உண்மையான பயிற்சி. வேகம் இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். உள்ளங்கையை விரித்தால் சுமை கூடும், விளிம்பால் நீரை வெட்டினால் குறையும். டம்பெல் எதற்கு?

நாடித்துடிப்புக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். மார்பளவு நீரில் துடிப்பு தரையில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. தொடக்கத்தில் மூச்சு சற்றே இறுக்கமாக இருக்கும். நீர் நெஞ்சை அழுத்துவதால் வருவது அது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே வெளியேறுங்கள்.

படி 5: வெளியே வருதல்

கடைசிச் சில நிமிடங்கள் மெல்ல ஆழம் குறைந்த பக்கம் நகருங்கள். நேராக ஏணியில் ஏறினால் முழு எடையும் ஒரே நேரத்தில் கால்களில் இறங்கும், ரத்த அழுத்தமும் தாழக்கூடும். மேலே வந்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். வியர்த்தது நீருக்குள் தெரிந்திருக்காது.

அப்புறம் பசி. குளிர்ந்த நீரில் பயிற்சி செய்தால் அகோரமாகப் பசிக்கும். என்ன சாப்பிடுவது என்பதைக் குளத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் எடை அசையாது.

பின்சேர்க்கை

வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிட மிதமான பயிற்சி நல்ல இலக்கு, மெதுவாகவே எட்டுங்கள். வலி குறைந்ததும் தரையிலும் கொஞ்சம் நடங்கள், எலும்புக்குச் சுமை வேண்டும். இதயக் கோளாறோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் கால் விரலிடுக்குகளைப் பாருங்கள். சிறு புண் இருந்தாலும் அது ஆறும்வரை குளம் வேண்டாம்.