வெட்டுவதற்கு முன் எண்ணுங்கள்: செஸ்ஸில் அடுத்த படி ஏற நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ராணியைச் சும்மா கொடுப்பது, நாலு நகர்வில் மேட் வாங்குவது பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. ஆட ஆட அவை தானாகக் குறையும். சில போட்டிகள் ஆடி, கையில் ஒரு ரேட்டிங்கும் வாங்கி, அதற்குமேல் நகராமல் நிற்பவர்களுக்குத்தான் இது. அவர்களுடைய ஸ்கோர்ஷீட்டுகளை, அதாவது நகர்வுகளை எழுதிய தாள்களைப் புரட்டினால் ஒரே நோய் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மற்றவற்றைப் பின்னால் சுருக்கமாகப் பார்க்கலாம்.

காயை வெட்டினால் ஆட்டம் எளிதாகிவிடும் என்ற நம்பிக்கை

"ஒரு சிப்பாய் கூடுதலா? எல்லாக் காயையும் வெட்டித் தீர்த்துவிடு." இந்த அறிவுரையைக் கேட்காத பிள்ளை இல்லை. பாதி அறிவுரை அது. முழுசாகச் சொன்னால், முன்னிலையில் இருப்பவர் காய்களை (ராணி, யானை, பிஷப், குதிரை) ஒன்றுக்கு ஒன்று வெட்டி மாற்ற வேண்டும், சிப்பாய்களை வைத்துக்கொள்ள வேண்டும். பின்தங்கியிருப்பவர் சிப்பாய்களை மாற்ற வேண்டும். கடைசிச் சிப்பாய் போய்விட்டால், தனியாக ஒரு பிஷப்பையோ குதிரையையோ வைத்துக்கொண்டு மேட் செய்ய முடியாது என்பதுதான் காரணம். பிள்ளைகள் செய்வது நேர் தலைகீழ்: முதலில் சிப்பாய்கள், கடைசியில் யானைகள், அதற்கப்புறம் "ஜெயிக்க வேண்டிய ஆட்டம் சார்" என்ற புலம்பல்.

ஒரு நிலையைப் பலகையில் வையுங்கள். வெள்ளை: ராஜா ஈ3, யானை டி1, சிப்பாய் ஈ4. கறுப்பு: ராஜா ஈ6, யானை டி6. வெள்ளையின் முறை. பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் டி6-இல் வெட்டுவார்கள். கறுப்பு ராஜா திருப்பி வெட்டும். பிறகு வெள்ளை ராஜா டி4, கறுப்பு ராஜா ஈ6. சிப்பாய் ஈ5, ராஜா ஈ7. ராஜா டி5, ராஜா டி7. சிப்பாய் ஈ6 செக், ராஜா ஈ7. ராஜா ஈ5. இப்போது கறுப்புக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: நேராகப் பின்னால் ஈ8-க்குப் போவது. டி8-க்கோ எஃப்8-க்கோ போனால் தோல்வி. ஈ8-க்குப் போனால், வெள்ளை ராஜா டி6, கறுப்பு ராஜா டி8, சிப்பாய் ஈ7 செக், ராஜா ஈ8, வெள்ளை ராஜா ஈ6. ஸ்டேல்மேட்: செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, ஆகவே டிரா. ஒரு சிப்பாய் முன்னிலை ஒன்பது நகர்வில் அரைப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

யானைகள் இருந்தாலும் கணக்குப்படி அது டிராதான், உண்மை. ஆனால் அதைக் காப்பாற்ற எதிராளிக்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டும். சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வரும்வரை யானையை ஆறாம் வரிசையிலேயே நிறுத்திவைக்க வேண்டும். சிப்பாய் அங்கே வந்ததும் யானையை முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிலிடோர் தற்காப்பு என்று இதற்குப் பெயர். பெயரைக் கேள்விப்பட்டவர்கள்கூட நகர்வுக்கு முப்பது விநாடி கூடுதல் நேரத்தை நம்பி ஆடும்போது யானையைத் தப்பான வரிசைக்கு நகர்த்துவார்கள். யானையை வெட்டியதன் மூலம் எதிராளி தவறு செய்ய இருந்த வாய்ப்பை நீங்களே அழித்துவிட்டீர்கள். எரிச்சலூட்டுவது இதுதான்.

சிப்பாய் மட்டும் மிஞ்சும் முடிவாட்டத்துக்குள் இறங்குமுன் இவற்றை எண்ணியாக வேண்டும். கடைசி வெட்டுக்குப் பிறகு யாருடைய முறை? வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7 என்று இருந்தால், கறுப்பின் முறையில் வெள்ளைக்கு வெற்றி, வெள்ளையின் முறையில் டிரா. முறை யாருடையது என்பதில் மொத்த ஆட்டமும் நிற்கிறது. அதே நிலையில் சிப்பாய் ஈ3-இல் இருந்தால் யார் முறையானாலும் வெள்ளைக்கு வெற்றி, ஏனென்றால் ஈ4 என்ற உபரி நகர்வு கையில் இருக்கிறது. அதனால் அடுத்த கேள்வி, யாரிடம் எத்தனை உபரிச் சிப்பாய் நகர்வு? சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளாமல் வைத்திருப்பவருக்கே இங்கே லாபம். மூன்றாவது, ராஜா சிப்பாய்க்கு முன்னே போக முடியுமா? பின்னாலிருந்து தள்ளும் ராஜா பெரும்பாலும் டிராவைத்தான் கொண்டுவரும். கடைசியாக, மிஞ்சுவது ஓரச் சிப்பாயா? ஏ அல்லது எச் வரிசைச் சிப்பாய் என்றால், எதிராளி ராஜா மூலைக்குப் போய்ச் சேர்ந்தாலே டிரா.

ஓரச் சிப்பாயோடு பிஷப்பும் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று நினைப்பது இன்னொரு குழி. உங்கள் பிஷப் வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது, சிப்பாய் எச் வரிசையில் என்று வையுங்கள். எச்8 கறுப்புக் கட்டம். எதிராளி ராஜா அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் விரட்ட வழியே கிடையாது. அதே பிஷப்போடு ஏ வரிசைச் சிப்பாய் என்றால் ஏ8 வெள்ளைக் கட்டம், வெற்றி உங்களுக்கு. ஆகவே எந்த ஓரத்துச் சிப்பாயை வைத்துக்கொள்வது என்பதைப் பத்து நகர்வுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கும். எதிரெதிர் நிற பிஷப்புகளும் (ஒருவருடையது வெள்ளைக் கட்டத்தில், மற்றவருடையது கறுப்புக் கட்டத்தில்) அப்படித்தான். மற்றதையெல்லாம் வெட்டி அவற்றை மட்டும் மிச்சம் வைத்தால், இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிராவில் முடியும் ஆட்டங்கள் ஏராளம்.

சின்னப் பிள்ளைகள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். புள்ளிகள் 6.5–6.5. வெள்ளையில் நடப்புச் சாம்பியன் டிங் லிரன், கறுப்பில் குகேஷ். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் யானையும் பிஷப்பும் இருபக்கமும் இருந்ததால் டிராவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானை மாற்றத்துக்கு அழைத்தார். குகேஷ் வெட்டினார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. அடுத்து குகேஷின் பிஷப் டி5-இல் வந்து நின்றது. டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. அதற்கு இருப்பது ஒரே ஒரு மூலைவிட்டம். எங்கே நகர்ந்தாலும், நகராமல் இருந்தாலும் பிஷப் மாற்றத்தைத் தவிர்க்க முடியாது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும் மட்டுமே, அது கறுப்புக்கு வெற்றி. 58 நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார், 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். டிங் யானை மாற்றத்தைப் பார்த்தார், அதன் பின்னால் வரிசையில் நின்ற பிஷப் மாற்றத்தைப் பார்க்கவில்லை. ஒரு வெட்டைக் கணக்கிடும்போது, அது அடுத்த வெட்டுக்கு வழி திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டியது அதனால்தான்.

ஆரம்ப ஆட்டத்திலும் இதே வியாதி உண்டு. ஃபிரெஞ்சு தற்காப்பில் ஈ4 ஈ6, டி4 டி5 ஆனதும், நடுவில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பொறுக்காமல் மூன்றாவது நகர்விலேயே டி5-இல் வெட்டுகிறவர்கள் நிறைய. கறுப்பு ஈ சிப்பாயால் திருப்பி வெட்டும். இந்தத் தற்காப்பில் கறுப்புக்குத் தலைவலியே சி8 பிஷப்தான், அதை அடைத்துக்கொண்டிருந்தது ஈ6 சிப்பாய். அந்தக் கதவை வெள்ளையே திறந்துவிட்டது. தெரிந்தே, திட்டத்தோடு ஆடுபவர்கள் வேறு. ஜி4-இல் பிஷப்பை நிறுத்தி, எச்3 என்று சிப்பாயைத் தள்ளி யாரும் விரட்டாமலே எஃப்3 குதிரையை வெட்டுவதும் இதே ரகம். பிஷப் ஜோடி போயிற்று, எதிராளியின் ராணி இலவசமாக வெளியே வந்தாயிற்று. வெட்டுமுன் ஒரே கேள்வி: திருப்பி வெட்டும் காய் இப்போது இருப்பதைவிட நல்ல இடத்துக்குப் போகிறதா? ஆம் என்றால் கையை எடுங்கள்.

எதிராளி தவறு செய்யமாட்டார் என்ற எண்ணம்

2014 சோச்சி, உலகச் சாம்பியன்ஷிப்பின் 6-வது ஆட்டம். 26-வது நகர்வில் அப்போதைய சாம்பியன் கார்ல்சன் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார், பெரிய பிழை. குதிரையால் ஈ5-இல் வெட்டியிருந்தால் ஆனந்தின் கை ஓங்கியிருக்கும். ஆனந்த் தன் திட்டப்படி ஏ4 என்று சிப்பாயைத் தள்ளினார், ஆட்டத்தையும் இழந்தார். எதிராளி யாராக இருந்தாலும், அவர் நகர்த்தியதும் உங்கள் திட்டத்தை ஒரு கணம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் செக்குகள், பிறகு வெட்டுகள், பிறகு மிரட்டல்கள் என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.

புதிர்களில் முதல் நகர்வை ஊகிப்பது

பயனில்லை. கடைசி நகர்வுவரை தாளில் எழுதிவிட்டுப் பிறகு விடையைப் பாருங்கள்.

எஞ்சினை முதலில் திறப்பது

ஆட்டம் முடிந்ததும் கணினி காட்டும் எண்ணைப் பார்த்துத் தலையாட்டினால் எதுவும் தங்காது. முதலில் நீங்களே உட்கார்ந்து, ஆட்டம் எங்கே திரும்பியது, அந்த இடத்தில் வேறு எதை யோசித்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம் எஞ்சினைத் திறந்து, உங்கள் குறிப்பும் அதுவும் எங்கே முரண்படுகின்றன என்று மட்டும் பாருங்கள். அந்த இரண்டு மூன்று இடங்கள்தான் உங்கள் பாடம்.

எந்த ஓப்பனிங் நல்லது?

நீங்கள் இப்போது ஆடுவதே போதும். மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தவறு.

மூன்று நிமிட ஆட்டங்கள்

பொழுதுபோக்குக்குச் சரி. பயிற்சி என்றால் குறைந்தது 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல்.

விதி தெரியாமல் புள்ளி இழப்பது

காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்யும்போது முதலில் ராஜாவைத் தொட வேண்டும், ஒரே கையால் செய்ய வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டால் எதிராளி சுட்டிக்காட்டலாம், அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்தியாக வேண்டும். டிரா கேட்பதானால் நகர்த்தி, கேட்டு, அப்புறம் கடிகாரத்தை அழுத்துங்கள். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். உங்கள் நகர்வால் ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால் அந்த நகர்வைப் பலகையில் ஆடவே கூடாது. ஸ்கோர்ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட வேண்டும். ஆடி முடித்துக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டுக் கூப்பிட்டால் அந்த உரிமை உங்களிடம் இல்லை. கோரிக்கை தவறாகிப்போனால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், ஆகவே ஸ்கோர்ஷீட்டை ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும். நகர்வுக்கு 30 விநாடி கூடும் ஆட்டங்களில் நேரம் எவ்வளவு குறைந்தாலும் எழுதுவதை நிறுத்தக் கூடாது.