இரண்டு வரிசை பின் மாட்யூலை ஷார்ட் ஆகாமல் பிரெட்போர்டில் இணைப்பது

என்ஆர்எஃப்24எல்01 ரேடியோ மாட்யூலைக் கையில் எடுத்தால் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் சர்க்யூட் கட்டும் துளைப் பலகை) அப்படியே குத்திவிடத்தான் தோன்றும். இரண்டு வரிசையில் நாலு நாலாக எட்டு பின். பின்களுக்கு நடுவே 2.54 மி.மீ., பிரெட்போர்டின் துளைகளுக்கு நடுவேயும் அதே 2.54. அச்சாகப் போய் உட்காரும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பிரெட்போர்டில் குறுக்காக இருக்கும் ஐந்து ஐந்து துளைகள் உள்ளே ஒரே உலோகக் கிளிப்பில் சேர்ந்திருக்கின்றன. மாட்யூலைக் குத்தும்போது எதிரெதிர் பின்கள் ஜோடி ஜோடியாக ஒரே கிளிப்பில் மாட்டிக்கொள்ளும். இந்த மாட்யூலில் முதல் பின் கிரவுண்ட், அதற்கு நேர் எதிரே இரண்டாவது பின் விசிசி, அதாவது பிளஸ் சப்ளை வரும் பின். சப்ளை கொடுத்த கணமே நேரடி ஷார்ட். மாட்யூலைக் கால்வட்டம் திருப்பிப் போட்டாலும் பயனில்லை, அப்போது ஒரு வரிசையின் நாலு பின்னும் ஒன்றாகிவிடும். சரி, நடுவில் இருக்கும் பள்ளத்தின் இரு கரையிலும் கால் வைத்து நிறுத்தலாமா? பள்ளத்தின் இந்தக் கரைத் துளைக்கும் அந்தக் கரைத் துளைக்கும் 7.62 மி.மீ. தூரம், சாதாரண ஐசி உட்காருவதற்காக விட்டது. நம் மாட்யூலின் வரிசைகளுக்கு நடுவே அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது.

அவசரத்துக்கு ஜம்பர் வயர் போதும். ஒரு முனையில் குழியும் மறுமுனையில் பின்னும் உள்ள வயர்கள் எட்டு எடுத்து, குழி முனைகளை இரண்டுக்கு நாலாக அடுக்கி, இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். எட்டும் சேர்ந்து ஒரே பிளக் மாதிரி ஆகிவிடும், தனித்தனியாகக் கழன்று வராது. முதல் பின் பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். வயர் 10 செ.மீ.க்குள் இருக்கட்டும். அரைமணி நேரச் சோதனைக்கு இது சரி. வாரக்கணக்கில் மேசையில் கிடக்கப்போகும் சர்க்யூட்டுக்கு நான் இதை நம்பமாட்டேன். தொடர்பு லேசாகத் தளர்ந்தால் தரவு எப்போதோ ஒருமுறை தவறும், குற்றம் புரோகிராமில் இருப்பதாகத் தோன்றும். அதைத் தேடிப் போகிற நேரத்தில் ஓர் அடாப்டரே செய்துவிடலாம்.

அடாப்டருக்கு வேண்டியவை: ஒரு துண்டு ஸ்ட்ரிப் போர்டு (அடியில் செம்புப் பட்டைகள் ஓடும் துளைப் பலகை, வெரோ போர்டு என்றும் கேட்டு வாங்கலாம்), இரண்டுக்கு நாலு சாக்கெட் ஒன்று, நாலு நாலு பின்னாக உடைத்த ஒற்றை வரிசை ஹெடர் (பிளாஸ்டிக்கில் கோத்த பின் வரிசை) இரண்டு. இதன் அழகெல்லாம் கணக்கில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நாலு துளை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரண்டும் சாக்கெட்டுக்கு, ஓரம் இரண்டும் ஹெடர்களுக்கு. ஓரத் துளை முதல் ஓரத் துளை வரை மூன்று இடைவெளி, மூன்று பெருக்கல் 2.54, சரியாக 7.62. அளவுகோலே வேண்டாம், அடாப்டர் பள்ளத்தின் இரு கரையிலும் தானாகப் போய் உட்காரும்.

செம்புப் பட்டைகள் குறுக்காக ஓடும்படி, பட்டை ஆறு, துளை ஆறு இருக்கும் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். துளை வரிசையின் மேலேயே இரு பக்கமும் கத்தியால் கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் சுத்தமாக உடையும். சால்டர் செய்வதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. சாக்கெட்டின் எதிரெதிர் கால்கள் இரண்டும் ஒரே பட்டையில்தான் வந்து இறங்கும். அதை வெட்டாவிட்டால் பிரெட்போர்டில் இருந்த பிரச்சினை இங்கேயும் அப்படியே இருக்கும். வழக்கமாகத் துளையின் மேல் டிரில் பிட்டைத் திருகிப் பட்டையை அறுப்பார்கள். இங்கே இரண்டு கால்களுக்கு நடுவே காலித் துளை இல்லை. அதனால் நடு இரண்டு துளைகளுக்கு இடையே, ஒரு மி.மீ.கூட இல்லாத அகலத்தில், இரண்டு கோடாகக் கத்தியால் கீறுங்கள். நடுவில் நிற்கும் மெல்லிய செம்பு இழையைச் சூடான சால்டர் முனையால் தொட்டால் பசை இளகி, கத்தி நுனியில் உரிந்து வந்துவிடும். சாக்கெட் உட்காரும் நாலு பட்டையிலும் இதையே செய்ய வேண்டும்.

ஹெடரில் ஒரு சின்ன வித்தை. அதன் குட்டை முனைகள் மேசையில் படும்படி நிறுத்தி, பிளாஸ்டிக்கை மட்டும் குறடால் கீழே அழுத்துங்கள். பிளாஸ்டிக் சறுக்கி இறங்கும், மறுபக்கம் பின் இன்னும் நீளமாகும். அந்த நீளப் பக்கத்தைப் போர்டின் மேலிருந்து கீழே விட்டு, செம்புப் பக்கத்தில் சால்டர் வையுங்கள். இப்படி நீட்டிக்கொள்ளாவிட்டால் போர்டின் தடிமன் போக மிஞ்சும் பின், பிரெட்போர்டின் கிளிப்பை அரைகுறையாகத்தான் பிடிக்கும். ஒவ்வொரு பின்னிலும் சட்டென்று முடித்துவிடுங்கள். சூடு அதிகமானால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும். சாக்கெட்டின் கால்களை ஒட்ட நறுக்குங்கள். அவை பள்ளத்தின் மேல் வருவதால் எதையும் இடிக்காது.

சால்டரே வேண்டாம் என்பவர்கள், கால் நீளமாக உள்ள சாக்கெட் வாங்கலாம். ஆர்டுயினோ ஷீல்டுகளில் (ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் மேல் செருகும் துணைப் போர்டுகள்) வருவது போன்றது, ஆனால் இரட்டை வரிசையில். காலை அடியில் குறடால் பிடித்து வெளிப்பக்கம் மடித்து, 2.54 தள்ளி மறுபடி கீழே மடித்தால் அதே 7.62 கிடைக்கும். எட்டுக் காலையும் ஒரே மாதிரி மடிக்கப் பொறுமை வேண்டும்.

அப்புறம், மாட்யூலை மாட்டும் முன் மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். எதிரெதிர் ஜோடி நாலிலும் சத்தம் வரக்கூடாது. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த பின்கள், பக்கத்துக்கு மூன்று, அவற்றிலும் வரக்கூடாது. சாக்கெட் துளையிலிருந்து அதற்குரிய பின்னுக்கு எட்டிலும் வர வேண்டும். இந்தச் சோதனையை நான் தவிர்ப்பதே இல்லை, கண்ணுக்குத் தெரியாத செம்பு இழை இதில்தான் சிக்கும்.

பின் படங்களைப் பார்க்கும்போது அது எந்தப் பக்கமிருந்து வரைந்தது என்று பாருங்கள். பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பக்கமிருந்து வரைந்த படத்தை மேலிருந்து பார்ப்பதாக நினைத்தால் இடம் வலமாகிவிடும், கிரவுண்ட் இருக்க வேண்டிய இடத்தில் விசிசி வந்து நிற்கும்.

இந்த ரேடியோவுக்கு சப்ளை 1.9 முதல் 3.6 வோல்ட் வரைதான். சிக்னல் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும், விசிசி தாங்காது. இப்போது கிரவுண்டும் விசிசியும் பள்ளத்தின் எதிரெதிர்க் கரையில் நேருக்கு நேர் இருக்கின்றன. 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றின் கால்களை விரித்து, மைனஸ் குறி போட்ட கால் கிரவுண்ட் பக்கம் வரும்படி அங்கேயே குத்திவிடுங்கள்.

இஎஸ்பி-01 என்ற வைஃபை மாட்யூலும் இதே அடாப்டரில் உட்காரும். ஆனால் அதில் விசிசியும் கிரவுண்டும் மூலைக்கு மூலை இருக்கின்றன, விசிசிக்கு எதிரே ஆர்எக்ஸ் (தரவை வாங்கும் பின்). சிக்னல் பின்களுக்கும் 3.3 வோல்ட்தான். ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் பின் தரும் 50 மில்லி ஆம்பியர் அதற்குப் போதாது, தனி ரெகுலேட்டர் வையுங்கள். இரண்டு மாட்யூலும் பயன்படுத்துபவர்கள் அடாப்டரும் இரண்டாகச் செய்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பின் பெயர்களைச் சின்னத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.