ரம்மியிலிருந்து நான் வெளியே வந்தது

2021-ல் 50 ரூபாயில் ஆரம்பித்த ஆன்லைன் ரம்மி, இரண்டே வருடத்தில் மனைவியின் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோனது. விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற நினைப்புதான் என்னைக் கெடுத்தது. தோற்ற இரவுகளில்தான் அதிகம் ஆடினேன்.

மகளின் ஸ்கூல் ஃபீஸ் 12,000 ரூபாயும் போன அன்று விடியற்காலை, எல்லாக் கடனையும் ஒரு நோட்டில் எழுதி மனைவியிடம் காட்டினேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் என் ஏடிஎம் கார்டை வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டாள்.

அன்றே 14416-க்கு, அதாவது டெலி மானஸுக்கு, போன் செய்தேன். அரசின் இலவச மனநல ஆலோசனை சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். ஆடத் தோன்றும் நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர். பார்த்தால் எல்லாமே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மொட்டைமாடியில் தனியாக இருக்கும் நேரம்! இப்போது அந்த நேரத்தில் போனை வீட்டில் வைத்துவிட்டு மகளோடு நடக்கப் போகிறேன். யுபிஐ வரம்பையும் குறைத்துவிட்டேன்.

2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனாலும் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது, திறக்காமலே அழிக்கிறேன். சங்கிலியைப் போன தை மாதம் மீட்டோம்.